பாஸ் செய்வதற்கு முன் ஒரு நிமிடம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் சொல்ல வரவில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறேன்.

2021 ஜூன் மாதம். என் மகள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். கோவிட் ஊசி போட்டால் தாய்ப்பால் கெட்டுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கையெழுத்தைச் சரிபார்க்காமல் ஒரு செக்கைக்கூட நான் பாஸ் செய்ததில்லை. ஆனால் யார் எழுதியது என்றே தெரியாத அந்தச் செய்தியை மகளுக்கு அனுப்பிவிட்டேன். அவள் ஊசியைத் தள்ளிப்போட்டாள். அடுத்த மாதமே அவளுக்குக் கோவிட் வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் பால் கொடுத்தாள். நல்லவேளை, தேறிவிட்டாள். ஊசி போட்டிருந்தால் வந்தே இருக்காது என்று சொல்ல முடியாது. ஆனாலும், "நீங்க அனுப்பினதாலதானேப்பா போடலை" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. 2021 ஜனவரியில் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வேண்டாம் என்றார்கள். ஆபத்து இருந்ததால் அல்ல, பரிசோதனைகளில் அவர்களைச் சேர்க்காததால். மே 19-ல் பாலூட்டுபவர்களுக்கும் ஜூலை 2-ல் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி வந்தது. முதலில் சொன்ன 'வேண்டாம்' மட்டும் நம் மனதில் தங்கிவிட்டது.

பழைய கதையை இப்போது ஏன் சொல்கிறேன்? நம் பிளாக்கில் வேலைக்கு வரும் ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி. டிடி ஊசி வேண்டாம் என்று இங்கே யாரோ சொன்னதாகச் சொன்னாள். யார் என்று நான் கேட்கவில்லை. 2021-ல் அது நானாகவே இருந்திருப்பேன்.

அந்த ஊசி ரண ஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுக்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. ரண ஜன்னிக்கு எதிராகக் குழந்தைக்கு முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை அம்மா கொடுத்ததுதான் காப்பு. பச்சிளம் குழந்தைகளை ரண ஜன்னி கொண்டுபோன காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவின் எல்லா மாவட்டங்களிலும் அது ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்துவிட்டது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அதில் இந்த ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்காக எல்லா ஊசியும் கர்ப்பிணிகளுக்கு ஆகும் என்பதில்லை. எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளைக் கர்ப்ப காலத்தில் போட மாட்டார்கள். அதனால்தான் டாக்டரையோ கிராம, நகர சுகாதார செவிலியரையோ கேட்க வேண்டும் என்கிறேன். பயப்படுகிற பெண்ணை யாரும் திட்ட வேண்டாம். அவள் குழந்தையை நினைத்துத்தான் பயப்படுகிறாள். அவள் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கூடவே போய்க் கேளுங்கள்.

அந்தப் பெண்ணை என் மனைவி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த நர்ஸ் பொறுமையாகப் பதில் சொன்னார். ஊசி போட்டுக்கொண்டாள். கை இரண்டு நாள் வலித்தது, அவ்வளவுதான்.