பல்லும் அமானிதமே

(மருத்துவ உதவிப் பிரிவின் சார்பில் மதரஸா மண்டபத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடந்த கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இன்றைக்குப் பல்லைப் பற்றிக் கூட்டம் என்று நோட்டீஸில் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். "டயாலிசிஸுக்கும் ஹார்ட் ஆபரேஷனுக்கும் கொடுக்கவே நிதி பத்தல, இதுல பல்லுக்கு ஒரு கூட்டமா?" என்று ஒரு பெரியவர் நேரில் கேட்டேவிட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. போன வருடம் வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுவதுதான் முறை.

போன வருடம் ஒரு சகோதரர் உதவி கேட்டு மனுக் கொடுத்தார். ஆட்டோ ஓட்டுகிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சர்க்கரை உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போட வேண்டும், 6,500 ரூபாய் ஆகும் என்று பல் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைய கமிட்டிக் கூட்டத்தில் பதினொரு மனுக்கள். டயாலிசிஸ் இரண்டு, இருதய ஆபரேஷன் ஒன்று, குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஒன்று. அவற்றுக்கு நடுவே பல் வலி மனு வந்தபோது யாரும் அதிகம் யோசிக்கவில்லை. "அவசரமில்லை, பிறகு பார்க்கலாம்" என்று எழுதி ஒதுக்கினோம்.

அவர் என்ன செய்தார்? நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார். கிராம்புத் தைலம் தடவினார். வலி நின்றது. சரியாகிவிட்டது என்று ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். ஆறு வாரம் கழித்துத் தாடைக்குக் கீழே வீங்கியது. மறுநாள் வாய் திறக்கவில்லை, எச்சில் இறங்கவில்லை, மூச்சுத் திணறியது. பல் வேரில் இருந்த சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவிவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்து, கழுத்தைக் கீறிச் சீழை எடுத்து, ஐசியுவில் வைத்துக் காப்பாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனால் வெளியில் வாங்கிய மருந்து, துணைக்கு இருந்தவர்களின் சாப்பாடு, போக்குவரத்து, ஒன்றரை மாதம் ஓடாத ஆட்டோவின் தவணை என்று செலவு ஏறிக்கொண்டே போனது. அந்த வீட்டுப் பெண்மணி நகையை அடகு வைத்தார். அதை மீட்க நமது அறக்கட்டளை 30,000 ரூபாய் கொடுத்தது. "அவசரமில்லை" என்று எழுதிய அதே பேனாவால்தான் அந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பணத்தில் நாலு பேருக்கு வேர் சிகிச்சை செய்திருக்கலாம்.

இதில் இன்னொரு குறையும் உண்டு. நிதி இல்லை என்றால், அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள் என்றாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். அதுகூட நமக்குத் தோன்றவில்லை. இதை இங்கே சொல்லலாமா என்று அவரிடமே கேட்டோம். "பேரை மட்டும் விட்டுட்டு மத்ததைச் சொல்லுங்க காக்கா, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்.

அன்பானவர்களே, பல் நோயின் குணமே இதுதான். பல்லின் மேல் ஓடு நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதற்கு உணர்வு கிடையாது. நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் வாயில் இருக்கும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் ஓட்டை அரிக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. அப்போது போனால் அடைத்து விடுவார்கள். சில நூறு ரூபாயில் முடியும். அடுத்த அடுக்கைத் தொட்டால் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுள்ளென்கிறது. அப்போதும் அடைக்கலாம். நரம்பைத் தொட்ட பிறகுதான் இரவில் தூக்கம் போகிறது. அந்தக் கட்டத்தில் வேர் சிகிச்சை, கேப் என்று சில ஆயிரங்கள் ஆகும். அதையும் தள்ளிப் போட்டால் பல்லை எடுக்க வேண்டும். எடுப்பது மலிவுதான். ஆனால் எடுத்த இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப் பல் இறங்கும். அந்த இடத்தில் எலும்பில் திருகி நிலையான பல் வைக்கப் போனால் தனியார் கிளினிக்கில் பல ஆயிரங்கள் கேட்பார்கள்.

வலி வந்துவிட்டது என்றால் பாதி வழி கடந்துவிட்டது என்று பொருள். அந்த வலி தானாக நின்றுவிட்டது என்றால் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். சீழ் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். நம் சகோதரருக்கு நடந்தது அதுதான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் சம்பந்தப்பட்ட நோய் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. கிட்டத்தட்ட உலக மக்களில் பாதி.

இப்போது, "பல்லுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்விக்கு வருவோம். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் வராது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்குச் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதையும் மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, சர்க்கரை டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஈறு நோய் உள்ளவர்களிடம் இருதய நோயும் அதிகம் காணப்படுகிறது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று மருத்துவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் இருதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் விஷயத்தில் சந்தேகமே இல்லை. வாய்க் கிருமி இரத்தத்தில் கலந்து வால்வில் தங்கினால் உயிருக்கே ஆபத்து. அவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பல் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

தாய்மார்களுக்கு ஒன்று. "வயித்துப் பிள்ளைக்காரிக்குப் பல்லுல கை வைக்கக் கூடாது" என்று நம் வீட்டு மூத்தவர்கள் சொல்வார்கள். கர்ப்பக் காலத்தில் ஈறு வீங்கி இரத்தம் வருவது சாதாரணமாக நடக்கக்கூடியது. அப்போது சிகிச்சை பெறுவதில் தடையில்லை. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். கர்ப்பம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், மருந்தை அதற்கேற்ப எழுதுவார்.

பிள்ளைகளுக்கு வருவோம். ஆறு வயது வாக்கில், பால் பற்கள் வரிசைக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அது வந்ததே தெரிவதில்லை. அதில் சொத்தை விழுந்தால், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது விழுந்து முளைக்கும் பல் அல்ல. ஆயுசுக்கும் அந்த ஒன்றுதான். இன்று இரவே உங்கள் பிள்ளையை ஆவெனச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். கைக்குழந்தை பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குவதையும் நிறுத்துங்கள். மிட்டாய் கொடுப்பதானால் சோற்றோடு ஒரு தடவை கொடுங்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதுதான் பல்லை அதிகம் கெடுக்கிறது.

"பல் போனால் சொல் போச்சு" என்று தமிழில் சொல்வார்கள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு அதன் முழு அர்த்தம் தெரியும். ஃபா என்ற எழுத்துக்கு மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டில் பட வேண்டும். ஸா, தால், ழா ஆகியவற்றுக்கு நாக்கின் நுனி மேல் முன்பல்லின் நுனியைத் தொட வேண்டும். நாற்பது வருடம் நம் பிள்ளைகளுக்கு மக்ரஜ் சொல்லிக் கொடுத்த ஓர் உஸ்தாது, முன்பற்கள் போன பிறகு காற்று வெளியேறுகிறது என்று கூச்சப்பட்டுத் தொழுகை நடத்துவதையே விட்டுவிட்டார். காரணம் தெரியாமல் நாம் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் யாரிடமும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. பல் இல்லாத பெரியவர்கள் கறி, காய், பயறு என்று எதையும் மெல்ல முடியாமல் டீயும் பிஸ்கட்டுமாகக் காலத்தை ஓட்டுகிறார்கள். அதில் உடம்பும் மெலிகிறது, சர்க்கரையும் ஏறுகிறது.

கல்யாண வீட்டுப் பாக்கைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நம் நாட்டு ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் மிக அதிகம். 2013-இல் தமிழ்நாட்டில் குட்கா தடை செய்யப்பட்டும் அது எங்கே கிடைக்கும் என்று நம் இளைஞர்களுக்குத் தெரிகிறது. வீட்டுக்குப் போனதும் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலும், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, செலவுக்கு எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. பல தாலுகா மருத்துவமனைகளிலும் இருக்கிறது. பல் எடுப்பதும் அடைப்பதும் அங்கே இலவசம். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2023-இல் புதுக்கோட்டையிலும் ஒன்று திறந்திருக்கிறார்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில், ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கிறார்கள். நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும், ஆனால் வேலை சுத்தமாக இருக்கும். காப்பீட்டு அட்டை இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான காப்பீடுகள் சாதாரணப் பல் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதில்லை.

எல்லாவற்றிலும் மலிவானது, வராமல் பார்த்துக்கொள்வது. உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கை ஏவியிருப்பேன் என்ற கருத்தில் நம் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம். இரவில் விழித்தெழுந்ததும் அவர்கள் மிஸ்வாக் செய்ததையும் அறிவோம். நம்மில் பலருக்கு மிஸ்வாக் ஜிப்பாப் பையில் மட்டும் இருக்கிறது. குச்சியின் நுனியை அவ்வப்போது வெட்டிப் புதிதாக்கி, எல்லாப் பற்களிலும் படும்படி தேய்க்க வேண்டும். அதோடு இரவு படுக்கும் முன் ஃபுளூரைடு கலந்த பேஸ்ட்டும் பிரஷும் கொண்டு இரண்டு நிமிடம் தேய்த்து, அதன்பின் எதையும் தின்னாமல் படுங்கள். செங்கல் தூளும் கரியும் வேண்டாம். அவை ஓட்டைத் தேய்த்துவிடும்.

நிறைவாக, கமிட்டியில் முடிவான நான்கு விஷயங்கள். முதலாவது, பல் சிகிச்சை மனுக்களும் இனி மற்ற மருத்துவ மனுக்களோடு ஒரே வரிசையில் பார்க்கப்படும். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் கூட்டத்துக்குக் காத்திராமல் அன்றே உதவி கிடைக்கும். இரண்டாவது, வாரம் ஒரு நாள் நம் தொண்டர் ஒருவர் அரசு மருத்துவமனைக்கு உடன் வருவார். பெண்களுக்குப் பெண் தொண்டர் வருவார். "கூட்டிட்டுப் போக ஆள் இல்ல, அவுக சவூதியில இருக்காக" என்று எந்தச் சகோதரியும் வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். மூன்றாவது, மக்தப் பிள்ளைகளின் பற்களை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்க ஏற்பாடு செய்கிறோம். நான்காவது, வயதான இமாம்கள், முஅத்தின்கள், உஸ்தாதுகளுக்குப் பல் செட் கட்டிக் கொடுப்போம். அவர்கள் மனுப் போட வேண்டியதில்லை. நாமே வீட்டுக்குப் போய்க் கேட்போம். அந்த உஸ்தாதுக்கு அளவு எடுத்தாகிவிட்டது.

இதற்காக டயாலிசிஸ் நிதியில் ஒரு ரூபாயும் குறைக்கப் போவதில்லை. தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். வசதியுள்ளவர்கள் ஒரு பிள்ளையின் பல்லை அடைக்கும் செலவை ஏற்றுக்கொண்டாலும் போதும். வசதி இல்லாதவர்கள் கூச்சப்படாமல், வலி வருவதற்கு முன்பே வாருங்கள். நீங்கள் சீக்கிரம் வந்தால், அதே நிதி இன்னும் மூன்று பேருக்குப் போய்ச் சேரும்.

இந்த உடம்பு அல்லாஹ் நம்மிடம் கொடுத்த அமானிதம். கண்ணையும் இருதயத்தையும் மட்டும் அமானிதமாக எண்ணி, பல்லைக் கணக்கில் எழுதாமல் விட்டோம். அந்தத் தவறை அல்லாஹ் மன்னிப்பானாக. நம் எல்லோருக்கும் ஆஃபியத்தான வாழ்வைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.