தந்தை பெயர்

போலந்து நாட்டில் மிஹாவ் என்னும் ஒருவரின் இயற்பெயர், மிஹாலக் எனும் குடும்பப் பெயராகிப் பல தலைமுறைகள் நிலைக்கும். ஊவாத் தோட்டங்களில் வழக்கு வேறு. பதுளையில் கருப்பையா மகன் இராமசாமி, 'க. இராமசாமி' ஆவான், அவன் மகனுக்கோ தலைப்பெழுத்து 'இரா'. பாட்டன் பெயர் அதற்குள் மறைந்துவிடும்!

தோட்டத்தில் ஒருநாட் கூலிக்கே 'பேர்' என்று பெயர். குறைந்தால் 'அரைப் பேர்'. செக்ரோலில் அந்தப் பேரைப் பதிந்த கணக்கப்பிள்ளைமார் கருப்பையாவை ஆங்கிலத்தில் தத்தம் செவிக்கேற்ப எழுதினர். அதனால் அன்று எவருக்கும் நட்டமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, தந்தை இலங்கையிற் பிறந்தவரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரா எனச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாதோர் பலர். இருந்தோருக்கும் எழுத்து வேறுபாடு இடறிற்று.

2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. பூட்டன் பெயரை அது கேட்கவில்லை.