குருத்தணு ஆராய்ச்சியும் நம் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் வீட்டுப் பிள்ளையொன்று பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்றால், பெற்றோர் வாயில் எழும் சொற்கள் இரண்டே: ஒன்று மருத்துவர், மற்றொன்று பொறியாளர். இரண்டும் சிறந்த தொழில்களே, ஐயமில்லை. ஆயின், மருத்துவர் கையாளும் முறைகளைக் கண்டறிந்து தருவோர் யாவர் என வினவுவார் அரியர். அன்னோருள் ஒரு சாராராகிய குருத்தணு ஆராய்ச்சியாளரைக் குறித்தே யாம் இன்று பேசக் கருதினேம். யாம் தமிழாசிரியரேம்; எனினும் எம்மிடம் பயிலும் பிள்ளைகள் எத்துறை புகுவர் என்பது எமக்கும் உரிய கவலையேயாம்.

குருத்தணு என்பது யாது? கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகியாறு கீழிறங்கி, வாய்க்கால்களாய்ப் பிரிந்து நம் வயல்களிற் பாய்கின்றது. மலையில் ஊற்று உள்ளவரையே வாய்க்காலில் நீருண்டு. நம் உடம்பினுள்ளும் அத்தகைய ஊற்றுண்டு. குருதியிலுள்ள சிவப்பணு ஏறக்குறைய 120 நாளே வாழும். ஆதலின் நொடிதோறும் சுமார் 20 இலட்சம் புதிய சிவப்பணுக்கள் பிறத்தல் வேண்டும். அவற்றுக்கெல்லாம் மூலமாய் எலும்பு மச்சையில் உறைவனவே குருதிக் குருத்தணுக்கள். தன்னைப்போல் மற்றொன்றைத் தோற்றுவித்தலும், வேறு வகை அணுவாய் மாறுதலும் ஆகிய இரண்டு ஆற்றலும் ஒருங்குடைமையே குருத்தணுவின் இலக்கணம். இதனைக் கனடா நாட்டு டில், மெக்கல்லக் என்னும் அறிஞர் இருவர் 1961-இல் எலிகளிடத்து ஆராய்ந்து காட்டினர். ஜப்பானியராகிய யமனாகா 2006-இல் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, முதிர்ந்த அணுவையும் மீளக் குருத்தணுவாக்கலாம் எனக் கண்டார். 2012-இல் குர்டன் என்பாருடன் நோபெல் பரிசும் பெற்றார்.

நிற்க. ஆராய்ச்சியாளர் நாள்தோறும் செய்வது யாது? கறவை மாடு வைத்திருப்போர்க்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையுண்டோ? குருத்தணு வளர்ப்போர்க்கும் அதுவே நிலை. கண்ணாடித் தட்டனைய சிறு கலங்களில் அணுக்களை இட்டு, 37 பாகை வெப்பமும் நூற்றுக்கு 5 பங்கு கரியமில வாயுவும் உள்ள பெட்டியில் வைப்பர். சில வகை அணுக்களுக்கு நாடோறும் உணவு நீர் மாற்றல் வேண்டும். காற்றில் மிதந்து வரும் பூஞ்சை வித்து ஒன்று கலத்தில் வீழ்ந்தால், பல வாரத்து உழைப்பு ஓரிரவிற் பாழாம். செய்தவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதல் வேண்டும். ஒருமுறை கிடைத்த முடிவு மீண்டும் மீண்டும் செய்தாலும் கிடைக்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். எண்ணியது பொய்த்துப்போகும் நாட்களே மிகுதி.

ஆதலின் இத்தொழிலுக்கு வேண்டும் முதற்பொருள் கூர்த்த மதியன்று, பொறுமையும் வாய்மையுமே. 2014-இல் ஜப்பானிய ரைக்கன் நிலையத்திலிருந்து, அணுக்களைச் சிறிது புளிப்பான நீரில் இட்டாலே குருத்தணுவாகும் என்னும் செய்தி வெளிவந்தது. உலகம் வியந்தது. பிறர் செய்து பார்த்தனர்; கிடைத்திலது. அவ்வாண்டிலேயே அக்கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பொய்க்கு அங்கே ஆயுள் ஆறு திங்களுமில்லை.

பொறுமையின் பயன் காண நெடுந்தொலைவு செல்லல் வேண்டா. வேலூர்க்குச் சென்றாற் போதும். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. அக்கல்லூரியைச் சார்ந்து பாகாயத்தில் குருத்தணு ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றது. சிறு காயத்திலும் குருதி நில்லாது வடியும் ஹீமோபிலியா என்னும் பிறவிப்பிணியுற்றார் ஐவரின் குருத்தணுக்களை எடுத்து, அவற்றுள் குறைந்திருந்த மரபணுவைப் புகுத்தி, அவர்க்கே மீள ஏற்றினர். ஐவரையும் கண்காணித்த காலம் கூட்டினால் 81 திங்கள். அக்காலத்தில் ஒருவர்க்கும் அந்நோயாற் குருதிப்போக்கு நேர்ந்திலது. இச்செய்தி 2024 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. 1986-க்கும் 2024-க்கும் இடையே எத்துணை ஆண்டுகள் என எண்ணிப் பாருங்கள்!

இதனை யாம் விரித்தது இரண்டு காரணம் பற்றி. முதலாவது, குருத்தணுவின் பெயரால் மூட்டுவலி முதல் மூளைக்குறை வரை யாவும் தீர்ப்போமென விளம்பரம் செய்வோர் உளர். நிலத்தை விற்று அவர்பால் ஓடாதீர்கள். குருதிநோய் சிலவற்றுக்குச் செய்யும் மச்சை மாற்றே வழக்கமான சிகிச்சை. ஏனையவை முறைப்படி ஒப்புதல் பெற்ற ஆய்வாகவே நடைபெறல் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகின்றது. ஆய்வுக்கு நோயாளியிடம் கட்டணம் கேட்போரைக் கண்டால் விலகுக.

இரண்டாவது, முதுகலை முடித்த பிள்ளை ஆராய்ச்சிக்குச் செல்வேன் எனின், "இன்னும் ஐந்தாண்டு படிப்பா?" என்று தடுக்கின்றோம். பெண்ணாயின் வயதேறும் என அஞ்சி இடையிலேயே நிறுத்திவிடுகின்றோம். அன்பர்காள்! அஃது ஊதியமற்ற படிப்பன்று. நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறியோர்க்கு முதலிரண்டு ஆண்டுகளில் திங்கள்தோறும் 37,000 ரூபாய் என 2023 தொடக்கம் முதல் வரையறுத்தனர். இடர் எங்கேயெனின், முதுகலை முடித்து அத்தேர்வில் வெல்லும் வரையுள்ள ஓரிரண்டு ஆண்டுகளிலேயாம். அவ்விடைக்காலத்தில் கைப்பொருளின்றி, கிடைத்த வேலையில் ஒதுங்கி, கற்றதை மறக்கும் பிள்ளைகள் பலர்.

எனவே யாம் வேண்டுவது இது: நம் சங்கக் கல்வி நிதியில் ஒரு பகுதியை, அவ்விடைக்காலத்தில் நிற்கும் மாணவர்க்கென, ஆண் பெண் வேறுபாடின்றி ஒதுக்குக. வெள்ளிமலை முதலிய மலையூர்ப் பிள்ளைகள் நம்மவரல்லர் எனத் தள்ளற்க. குருதிநோய் குலம் பார்த்து வருவதன்று. மாவிதைத்தோன் மறுநாளே கனி கேளான். தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பான். அக்காத்திருப்பை நம் பிள்ளைகளுக்கும் அளிப்பீர்களாக.