சோதித்து அனுப்பும் தொழில்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம்மவர் பலருக்குப் பெங்களூர் வண்டியே பிழைப்பின் வழியாயிற்று. மாரிக்குப்பத்திலும் பங்காருபேட்டையிலும் அவ்வண்டி ஏறும் பிள்ளைகளுள் கணினித் தொழிலை நாடுவோர் உளர். அத்தொழிலில் இன்று பெரிதும் பேசப்படுவன தொடர் ஒருங்கிணைப்பும் தொடர் வழங்கலும் ஆகும். மெட்ரிகுலேஷனோடு நின்ற இரயில்வே எழுத்தராகிய நாம் இதனைப் பேசத் துணிந்தது, இதன் சாரம் இரயில்வேக்குப் பழகியது என்பதனால்.

எஞ்சினை இணைத்தவுடன் வண்டி புறப்படுவதில்லை. பிரேக்குக் குழாய் கடைசிப் பெட்டி வரை வேலை செய்கின்றதா என்று பார்த்த பின்னரே புறப்படும். மென்பொருளிலும் அஃதே. பலர் எழுதும் நிரல்களை மாதக் கடைசியில் ஒருங்கே கோத்தால், பிழை எங்குளது என அறிதல் அரிது. அன்றன்று எழுதியதை அன்றே இணைத்து, இணைக்குந்தோறும் இயந்திரமே சோதிப்பது தொடர் ஒருங்கிணைப்பு. தேறியதை எந்நேரமும் வெளியிடத்தக்க நிலையில் வைத்திருப்பது தொடர் வழங்கல். இதற்குரிய கணினியைத் தொலைவிலிருந்து வேண்டிய நேரத்திற்கு மட்டும் வாடகைக்குத் தருவதே ‘கிளவுட்’.

2012 ஆகஸ்டு 1ஆம் நாள், அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில், எட்டுக் கணினிகளுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாது விடுபட்டிருந்தது. இரண்டாமவர் எவரும் சரிபார்க்கவில்லை. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு நேர்ந்தது!

தொடங்க விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள். முதலில், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’டைப் பழகுக. கணக்குப் போடும் சிறு நிரல் ஒன்றும், அதனைச் சோதிக்கும் நிரல் ஒன்றும் எழுதுக. அவற்றைக் ‘கிட்ஹப்’பில் எவரும் காணும்படி வைத்தால், ‘கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்’ கட்டணமின்றிச் சோதித்துத் தரும். செய்யவேண்டுவதை ஒரு சிறு ‘யாமல்’ கோப்பில் எழுதினாற் போதும். வேண்டுமென்றே ஒரு பிழை செய்து பாருங்கள்; சிவப்பு தோன்றும். திருத்துங்கள், பச்சை தோன்றும். சிக்னல் அறிந்த காலனிப் பிள்ளைகட்கு விளக்கமும் வேண்டுமோ? வழங்கலை அதன் பின்னர்ச் சேர்க்கலாம். கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதாதீர்கள். கிளவுடில் பணம் கட்டும் கணக்கு வைப்போர், செலவு மிகுமுன் எச்சரிக்கை வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். நாம் எழுதிய சோதனையில் தேறியது என்பதற்கே பச்சை சான்று. எழுதாத சோதனைக்கு அது பொறுப்பேற்காது.

பெற்றோர்களே! பெரிய கல்லூரியின் பெயர் இல்லாத பிள்ளைக்கும், நாள்தோறும் இணைத்துச் சோதித்த அவ்வேலைப் பதிவு எவரும் திறந்து பார்க்கத்தக்க சான்றாக நிற்கும். மாலையில் ஒரு மணி நேரம் அவர்கட்கு ஒதுக்கிக் கொடுங்கள்.