நீல நிறமும் நம் உடையும்

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர்களுக்கு ஓர் உண்மை நன்கு விளங்கியிருக்கும். புதிய ஊரில் நம் நா பேசத் தொடங்குமுன் நம் உடை பேசிவிடுகிறது. வீட்டை வாடகைக்கு விடுபவரும், அலுவலகத்தின் மேலதிகாரியும், குழந்தையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியையும் நம் சொல்லைக் கேட்குமுன் நம் தோற்றத்தைக் காண்கின்றனர். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழி சொந்த ஊரில் எவ்வளவு மெய்யோ, வேற்றூரில் அதனினும் மெய். ஆயின், வேற்றூரில் வாழ்வோருக்கு உடைக்கென ஒதுக்கும் பணமும் குறைவு; அதை வைக்கும் இடமும் குறைவு. ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகை ஒருபுறம், வாடகை ஒருபுறம். குறைந்த உடையைக்கொண்டு நிறைவாகத் தோன்றுவது எப்படி என்பதே நம்முன் உள்ள கேள்வி. அதற்கு நாம் கூறும் விடை, நீலத்தை உடையின் அடிப்படை நிறமாகக் கொள்ளுதல் என்பதாகும்.

அடிப்படை நிறம் என்றால் என்ன? நம் உணவில் சோறு இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். குழம்பும் ரசமும் மோரும் தத்தம் சுவையைக் காட்டுவதற்குச் சோறு இடங்கொடுக்கிறது. தான் எதனோடும் மாறுபடுவதில்லை. நாள்தோறும் உண்டாலும் சலிப்பதில்லை. உடையிலும் அத்தகைய நிறம் ஒன்று வேண்டும். மற்ற நிறங்கள் வந்து அமர்வதற்கு அது இடமாக இருக்க வேண்டும். பலமுறை அணிந்தாலும் பார்ப்பவர் கண்ணில் உறுத்தாதிருக்க வேண்டும்.

இப்பணிக்கு வெண்மையும் கருமையும் ஆகாவா என்று கேட்கலாம். வெண்மை நமக்கு மங்கலமானது. வெள்ளை வேட்டிக்கு ஈடு வேறில்லை. எனினும், வட இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் வெள்ளுடை துக்கத்திற்கு உரியது. இறுதிச் சடங்குக்கு வெள்ளை உடுத்திச் செல்வதே அங்கு வழக்கம். அன்றியும், பெருநகரின் புகையிலும் பேருந்து நெரிசலிலும் வெள்ளைச் சட்டை மாலைவரை வெள்ளையாக இராது. கருமையோ, நம்மவர் பலர் திருமணத்திற்கும் விழாவிற்கும் விலக்கும் நிறம். பருத்தியில் ஏற்றிய கருஞ்சாயம் சில சலவைகளிலேயே சாம்பல் பூத்துவிடுவதும் உண்டு. நீலம் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கிறது. அலுவலகத்திற்கும் ஆகும், கோயிலுக்கும் ஆகும், துக்க வீட்டிற்குச் செல்வதற்கும் பொருந்தும், விருந்திற்கும் பொருந்தும். கருநீலத்தைக் கருமையோடு சேர்த்து எண்ணி நல்ல நாளில் ஒதுக்குவாரும் நம்மிடையே உளர். ஆயினும், காஞ்சிபுரத்துத் தறியில் நெய்து எம். எஸ். சுப்புலட்சுமி மேடையில் அணிந்த ஆழ்ந்த நீலப் பட்டு, 'எம். எஸ். நீலம்' என்று அவர் பெயராலேயே வழங்கி, இன்றும் மணவீடுகளுக்கு விரும்பி வாங்கப்படுகிறது. எனவே, அந்த ஒதுக்கம் எங்கும் உள்ள விதியன்று.

நீலம் பிற நிறங்களோடு இணங்குவதற்குக் காரணம் உண்டு. நிறங்களை வட்டமாக வரிசைப்படுத்தினால் நீலத்திற்கு நேரெதிரே செம்மஞ்சள் அமையும். எதிரெதிர் நிறங்கள் அருகருகே நிற்கும்போது ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. கடுகு மஞ்சள், சந்தனம், அரக்கு, காவி, செங்கல் நிறம் ஆகிய நம் நாட்டு நிறங்கள் பெரும்பாலும் செம்மஞ்சளைச் சார்ந்தவை. ஆதலின், அவை நீலத்தின்மேல் ஒளிர்கின்றன. மனித மேனியின் நிறங்களும், வெளுப்பாயினும் மாநிறமாயினும் கறுப்பாயினும், இந்தச் செம்மஞ்சளின் சாயலையே கொண்டவை. கறுத்தவர்கள் அழுத்தமான நிறத்தை அணியலாகாது என்று வடக்கிலும் தெற்கிலும் சிலர் கூறும் அறிவுரை பொருளற்றது. கருமேனிக்கு ஆழ்ந்த நீலம் எவ்வளவு பொருந்தும் என்பதைப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடிமுன் நின்று எவரும் கண்டுகொள்ளலாம்.

இனி, எந்த நீலம் என்பதைப் பார்ப்போம். நீலம் ஒன்றன்று. கருநீலம் அடித்தளம், முழுக்கால்சட்டை, கம்பளிச் சட்டை, ரவிக்கை, சால்வை ஆகியவற்றிற்கு உரியது. வான்நீலம் மேற்சட்டைக்கும் கோடைக்கும் ஏற்றது. மயிற்கழுத்து நிறம், நீலமும் பச்சையும் பாவிலும் ஊடையிலும் மாறி வருவதால் மினுங்குவது; அது விழாவிற்கு உரியதேயன்றி அடித்தளம் ஆகாது. நம் பேச்சில் நீலத்தையும் ஊதாவையும் கலந்து வழங்குவது உண்டு. கடையில் துணியைக் கேட்கும்போது அக்குழப்பம் நேராமல் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

தேர்ந்தெடுக்கும்போது மூன்று செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, கருநீலத்தைக் கடையின் விளக்கொளியில் முடிவு செய்யலாகாது. மஞ்சள் விளக்கின்கீழ் அது கருமையாகவே தோன்றும். துணியை வாயிற்படிக்குக் கொண்டுவந்து பகலொளியில் பார்த்து வாங்குக. இரண்டாவது, இரு நீலங்களைச் சேர்த்து அணிவதாயின் அவற்றிடையே தெளிவான வேறுபாடு இருத்தல் வேண்டும். கருநீலத்தோடு வான்நீலம் அழகு. கருநீலத்தோடு அதினும் சற்றே வெளிறிய கருநீலம், ஒன்றாக்க முயன்று தவறியதுபோல் தோன்றும். மூன்றாவது, வியர்வை. மும்பையிலோ கொல்கத்தாவிலோ கோடையில் வான்நீலப் பருத்திச் சட்டை நனைந்த இடத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். அங்கு வெண்மையில் நீலக் கோடோ கட்டமோ இட்ட சட்டை தக்கது. கருநீலம் ஈரத்தை மறைக்கும். ஆனால் வெயிலின் வெப்பத்தை மிகுதியாக வாங்கும். டில்லியின் மே மாதத்தில் உடல் முழுதும் கருநீலம் அணிவது தண்டனையாகும். சனவரியிலோ அதே கருநீலம் துணையாகும்.

கணக்கிட்டுப் பார்த்தால் நன்மை விளங்கும். ஆடவர் ஒருவரிடம் கருநீல முழுக்கால்சட்டை ஒன்றும், சாம்பல் நிறத்தது ஒன்றும், வெள்ளை, வான்நீலம், வெண்மையில் நீலக் கோடு, சந்தனம், அரக்கு என ஐந்து சட்டைகளும் இருப்பின், 7 உடைகளைக்கொண்டு 10 வகையாக உடுத்தலாம். அவற்றுள் ஒன்றும் மற்றொன்றோடு மோதாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியோடு அதே வான்நீலச் சட்டை போதும். பெண்டிர்க்கு, நன்கு தைத்த கருநீல ரவிக்கைகள் இரண்டு இருப்பின், மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை, சந்தனம் எனக் கையிலுள்ள புடைவைகளில் பலவற்றிற்கு அவையே இணையாகும். ஒவ்வொரு புடைவைக்கும் தனி ரவிக்கை தைக்கும் செலவு மிஞ்சும். குளிர் நாட்டில் வாழ்வோர் கம்பளி உடை ஒன்றே வாங்க இயலும் எனின், அது கருநீலமாக இருக்கட்டும். பட்டுப்புடைவையின் மேலும் பருத்திச் சேலையின் மேலும் அது ஒருங்கே பொருந்தும்.

வெளி மாநிலங்களில் வாழ்வோருக்கு நீலம் வேறொரு வகையிலும் உதவுகிறது. நாம் 'நீலம்' என்பதை இந்தியில் 'நீலா' என்றும், வங்காளியில் 'நீல்' என்றும், கன்னடத்தில் 'நீலி' என்றும் கூறுகின்றனர். மொழி தெரியாத கடைவீதியில் வாய் திறக்கத் தயங்கும் ஒருவருக்கு இச்சொல் எவ்வளவு உறுதுணை! சொல்லைப் போலவே துணியும் எங்கும் கிடைக்கும். இராசத்தானத்தின் பக்ரூவில் சேற்றுக் குழம்பால் அச்சிட்டு நீலத்தில் தோய்க்கும் பருத்தித் துணி உண்டு. குசராத்தின் கச்சுப் பகுதியில் நீலமும் செம்மையும் கலந்த அச்சுத் துணியான அஜ்ரக் உண்டு. வங்காளத்தில் நீலாம்பரிப் புடைவை உண்டு. ஆந்திரத்தில் காளத்தியின் கலம்காரியிலும் நீலம் இடம்பெறுகிறது. வாழும் ஊரின் நீலத் துணி ஒன்றை நம் அரக்குக் கரைப் புடைவையோடு இணைத்து உடுத்துவது, அவ்வூராரிடம் 'உங்கள் கைத்திறனை நாங்கள் மதிக்கிறோம்' என்று சொல்லாமற் சொல்வதாகும். நம் அடையாளத்தை விடவும் வேண்டா. அதை முரசறைந்து காட்டவும் வேண்டா.

இந்நிறத்தின் பிறப்பையும் அறிந்து அணிதல் தகும். அவுரி என்னும் செடியின் இலைகளை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரைக் காற்றுப் படும்படி நெடுநேரம் அடித்துக் கலக்கினால், நீலம் அடியில் படியும். அதை வடித்துக் காயவைத்துக் கட்டியாக்குவர். தோய்ப்புத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சட்பச்சையாகவே இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே நீலமாகும். மீண்டும் மீண்டும் தோய்க்கத் தோய்க்க நிறம் ஆழும். 'இண்டிகோ' என்னும் மேனாட்டுப் பெயர்க்கு இந்தியப் பொருள் என்பதே கருத்து. தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் அவுரி பெரும்பயிராக இருந்த காலமும் உண்டு. ஆயின், இந்நிறத்தில் உழவரின் கண்ணீரும் கலந்திருந்தது. வங்காளத்தில் 1859-இல் உழவர்கள் நீலம் பயிரிட மறுத்து எழுந்தனர். அவர்களது துயரை 'நீல் தர்ப்பண்' என்னும் நாடகமாகத் தீனபந்து மித்திரர் 1860-இல் வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் சேம்சு லாங்கிற்கு 1861-இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. பீகாரின் சம்பாரணில் 20 பங்கு நிலத்தில் 3 பங்கில் நீலம் பயிரிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்துக் காந்தியடிகள் 1917-இல் அங்குச் சென்றார். அதற்கு முன்னரே, 1897-இல், செருமனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்து அவுரியின் சந்தையைக் குறைக்கத் தொடங்கியிருந்தது.

பின்னாளில் இதே நிறம் விடுதலையின் அடையாளமும் ஆயிற்று. இன்ன உடையைத்தான் உடுத்தலாம் என்று பிறரால் கட்டுப்படுத்தப்பட்ட மக்களின் தலைவராகிய அம்பேத்கரின் சிலைகள், நீலக் கோட்டு அணிந்த கோலத்தில் நாடெங்கும் நிற்கின்றன. நன்றாக உடுத்துவதை வெறும் பகட்டு என்று ஒதுக்குவோர் அச்சிலைகளின்முன் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று இளைஞர் விரும்பும் சீன்சுத் துணியிலும் இந்த நீலமே உள்ளது. அதில் பாவு நூலுக்கு மட்டும் நீலச் சாயம் ஏற்றி, ஊடையை வெண்மையாகவே விடுகின்றனர். துணியின் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் இருப்பது இதனாலேயே. முரட்டுத் துணிக்கு 'டங்கரி' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், மும்பையில் உள்ள டோங்கிரிப் பகுதியின் பெயரிலிருந்து பிறந்தது.

இறுதியாக, பேணும் முறை. அவுரி நீலம் நூலின் உள்ளே ஊடுருவாமல் பெரும்பாலும் அதன் மேற்பரப்பில் தங்குவது. ஆதலின், புதிய துணி உராயும் இடத்தில் சாயம் ஒட்டும்; வெண்ணிற இருக்கைமேலும் வெள்ளை வேட்டிமேலும் அதன் தடம் படியும். முதற் சில சலவைகளில் அதைத் தனியே துவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில், உட்புறத்தை வெளியே திருப்பித் துவைத்து, நிழலில் உலர்த்துவது முறை. நிறம் மெல்ல வெளிறுவது நீலத்துக்குக் குறையன்று. சீராக வெளிறிய பருத்தி நீலத்திற்குத் தனி அழகு உண்டு. கிழிந்தால் தைத்து உடுத்துக. திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டதற்கு நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவே காரணம். ஒவ்வொரு புதுத் துணிக்குப் பின்னும் ஓர் ஆற்றின் நீர் இருக்கிறது என்பதை நினைத்தால், சிலவற்றை வாங்கிப் பல்லாண்டு உடுத்தும் வழக்கம் சிக்கனம் மட்டுமன்று, கடமையும் ஆகும்.

அடுத்த முறை துணிக்கடைக்குச் செல்லுமுன் அலமாரியைத் திறந்து, உள்ள உடைகளைப் பகலொளியில் பரப்பிப் பாருங்கள். அவற்றுள் எத்தனை, ஒரு நீல உடையோடு இணையும் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் புதிதாக வாங்க வேண்டுவது ஒன்றே ஒன்றாக இருக்கும். மிஞ்சிய பணம் ஊருக்குச் செல்லும் புகைவண்டிச் சீட்டுக்கு ஆகும்.