ரத்தக் கொதிப்புக்கு இனம் உண்டா?

(கடத்தூரில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் வியாதியைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக் கொண்டிருந்த நம் தோழர் ஒருவர் வரப்பிலேயே சாய்ந்தார். வயது 44. இன்று அவருக்கு வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. பேச்சு குழறுகிறது. ரத்தக் கொதிப்பு முற்றி, மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அந்தக் கையில் அதற்கு முன் ஒருவரும் கருவியைக் கட்டிப் பார்த்ததில்லை.

அவரைப் பார்க்கப் போன இடத்தில் இரண்டு பேச்சுகள் நம் காதில் விழுந்தன. "இது உட்கார்ந்து தின்கிறவன் வியாதி, களி தின்று காட்டில் பாடுபடுகிறவனுக்கு எப்படி வந்தது?" என்றார் ஒருவர். "அது அவங்க வகையறா ரத்தம், நாம என்ன செய்ய முடியும்?" என்றார் மற்றொருவர். இரண்டு பேச்சுமே ஆளைக் கொல்லும் பேச்சு. முதல் பேச்சை நம்பியவர் பரிசோதனைக்குப் போகமாட்டார். இரண்டாவதை நம்பியவர் மருந்து சாப்பிடமாட்டார்.

ரத்தத்தின் மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு வெள்ளையரைவிட ரத்தக் கொதிப்பு அதிகம். பக்கவாதமும் சிறுநீரகக் கேடும் அவர்களையே அதிகம் வாட்டுகின்றன. இது உண்மை. ஆனால் காரணம் என்ன? அடிமைக் கப்பல்களில் தாகத்தாலும் பேதியாலும் பலர் மடிந்தார்கள். உடம்பில் உப்பைத் தேக்கி வைக்கும் தன்மை உள்ளவர்களே பிழைத்தார்கள். அந்தத் தன்மைதான் வாரிசுகளுக்கு வந்திருக்கிறது என்று சிலர் கதை கட்டினார்கள். இந்தக் கதைக்குச் சரித்திர ஆதாரம் இல்லை என்று பிலிப் கர்ட்டின் என்ற சரித்திர ஆசிரியர் 1992-ல் எடுத்துக் காட்டினார்.

பிறகு ரிச்சர்டு கூப்பர் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒரே பூர்வீகத்தைச் சேர்ந்த மக்களை மூன்று இடங்களில் ஒரே முறையில் பரிசோதித்தார்கள். 1997-ல் முடிவு வெளிவந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ரத்தக் கொதிப்பு 100-க்கு 16 பேருக்கு. கரீபியன் தீவுகளில் 26 பேருக்கு. அமெரிக்காவில் 33 பேருக்கு. பூர்வீகம் ஒன்றுதான். மாறியது வாழ்க்கை. உப்பு கூடியது, உடல் எடை கூடியது.

வெள்ளையர் கதையும் அப்படித்தான். 35 முதல் 64 வயது வரை உள்ளவர்களை நாடுவாரியாக ஒப்பிட்ட கணக்கு 2003-ல் வந்தது. அமெரிக்காவில் 100-க்கு 28 பேர்; ஜெர்மனியில் 55 பேர்! இங்கே தோலின் நிறம் என்ன பதில் சொல்லும்?

கென்யாவில் லூவோ மக்கள் கிராமத்தை விட்டு நைரோபி நகரத்துக்குப் பிழைக்கப் போனார்கள். போன சில மாதங்களுக்குள்ளேயே, ஊரில் இருந்த உறவினரைவிட அவர்களுடைய ரத்த அழுத்தம் ஏறியது. 1990-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. சில மாதத்தில் ஒருவன் ரத்தம் மாறிவிடுமா? சோறு மாறியது, உப்பு மாறியது, பிழைப்பு மாறியது. கடத்தூரிலிருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் மூட்டை கட்டுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். சில மருந்துகள் கறுப்பின மக்களுக்குச் சராசரியில் சற்றுக் குறைவாகவே கேட்கின்றன. ஆனால் சராசரி என்பது வேறு, எதிரே நிற்கும் மனிதன் வேறு. ஒருவருடைய சாதியையோ நிறத்தையோ பார்த்து அவருடைய ரத்த அழுத்தத்தைச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. கையில் கருவியைக் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. அப்படி உள்ள 100 பேரில் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மற்ற 93 பேர்? நம் தோழர் அந்த 93-ல் ஒருவர்.

இந்த வியாதிக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. 140-க்கு 90 என்ற அளவைத் தொடர்ந்து தாண்டினால் கொதிப்பு என்று அர்த்தம். வெளியே தெரியாமலே இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். மாத்திரை தின்று அளவு இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துகிறவர்கள் நம்மில் அநேகர். மாத்திரையால்தான் இறங்கியது, நிறுத்தினால் மறுபடி ஏறும். டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அந்தக் கணக்கில் சேரும். பீடியும் சாராயமும் எரிகிற தீயில் எண்ணெய்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். ஆனால் அதை வாங்கப் போகிற நாளின் கூலி இலவசமல்ல! இதனால்தான் மாத்திரை வீடு தேடி வரவேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5-ம் தேதி தொடங்கியது நமக்கு அடுத்த கிருஷ்ணகிரி ஜில்லாவில், சாமனப்பள்ளியில்தான். 2004 வரை அதுவும் தருமபுரி ஜில்லாதான். வீடு தேடி வரும் மருந்து தர்மம் அல்ல, நமது உரிமை. வராத தெருவில் ஏன் வரவில்லை என்று கேட்போம். மில்லில் வருஷம் ஒரு முறை, சம்பளத்தோடு, பரிசோதனை கேட்போம். நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற அவர்களே கடைசியாக ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள்.

தோழர்களே! அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் அளவை எழுதிய சீட்டுடன் வாருங்கள். 30 வயது தாண்டியவர் எவரும் சீட்டில்லாமல் வரக்கூடாது. படுக்கையில் கிடக்கும் நம் தோழருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் விழாமல் பார்த்துக்கொள்வதுதான்.