நடக்க முடியாத குஞ்சு



சுங்கை பாக்காப் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் நாம். லயன் வீட்டின் பின்புறம் நான்கு நாட்டுக் கோழிகள் இல்லாத குடும்பம் அந்நாளில் குறைவு. இன்று நம்மில் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். ஆனாலும் பிள்ளைகளுக்குக் குஞ்சு வளர்க்கும் ஆசை விட்டபாடில்லை.

குஞ்சு பொரித்த மறுநாள். மற்றவை ஓடுகின்றன, ஒன்று மட்டும் எழுந்து நிற்கவில்லை. அதன் இரு கால்களும் தவளை நீந்துவதுபோல் பக்கவாட்டில் விரிந்து கிடக்கின்றன. "இது தேறாது, தூக்கிப் போடு" என்கிறார் வீட்டுப் பெரியவர். பிள்ளை அழுகிறது. நம் வீட்டிலும் இது நடந்ததுண்டு. அந்தக் குஞ்சை அட்டைப் பெட்டியில், பழைய பத்திரிகைத் தாள் விரித்து வைத்திருந்தோம். வழவழப்பான தாளில் பிஞ்சுக் கால் ஊன்ற முடியாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அதன் காலைக் கெடுத்தது நாம் விரித்த தாள்தான். வழுக்கும் ஓடு பதித்த தரையும் இதே வேலையைச் செய்யும்.

இத்தகைய குஞ்சைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கவனித்தல் வேண்டும். அப்போது எலும்பும் மூட்டும் இளசாக இருக்கும். ஒரு வாரம் கடந்தால் கால் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும். முதலில் காலைத் தடவிப் பாருங்கள். மூட்டு வீங்கியிருந்தாலோ எலும்பு முறிந்திருந்தாலோ கட்டக்கூடாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். அப்படி ஏதும் இல்லையென்றால், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் மெல்லிய துண்டு ஒன்றை நறுக்கிக்கொள்ளுங்கள். பாதத்துக்குச் சற்று மேலே இரு கால்களையும் அதனால் இணைக்க வேண்டும். குஞ்சு இயல்பாக நிற்கும்போது கால்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்குமோ, அதே இடைவெளி விட வேண்டும்; கோழிக் குஞ்சுக்குச் சுமார் ஓர் அங்குலம். இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று பாதம் வீங்கும். ஆகவே நாள்தோறும் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றிக் கட்டுங்கள்.

முதல் நாள் குஞ்சு குப்புற விழும். பார்க்கப் பாவமாக இருக்கும், அவிழ்த்துவிடாதீர்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். இல்லாவிடில் விழுந்த குஞ்சு அதிலேயே மூழ்கிவிடும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் கால் நேராகும். பெட்டியில் சொரசொரப்பான துணி விரிக்கலாம். பிரிந்த கோணிச் சாக்கு மட்டும் ஆகாது. அதன் நூல் விரலைச் சுற்றிக்கொண்டு இறுக்கினால், விரல் கறுத்து விழுந்துவிடும். புறாக்களுக்கும் இந்தத் தொல்லை அதிகம்.

இனித் தீனிக்கு வருவோம். நம்மவர் குஞ்சுகளுக்குக் கைநிறைய நொய்யரிசி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவது வழக்கம். வெறும் வெள்ளை நொய்யில் வளரும் குஞ்சு கால் துவண்டு உட்கார்ந்துவிடும். இதை உலகம் அறிந்துகொண்டது நமக்கு அண்டை நாட்டில்தான்; அப்போது பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. 1890ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் வளர்த்த கோழிகளுக்குக் கால் விளங்காமல் போயிற்று. இராணுவ மருத்துவமனையில் மீந்த தீட்டிய அரிசிச் சோற்றை அவை தின்றுவந்தன. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர் சோற்றைக் கோழிக்குத் தர மாட்டேன் என்றார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்கு மாறின, எழுந்து நடந்தன! தவிட்டோடு போன அந்தச் சத்துக்குப் பின்னர் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசும் வந்தது. அந்தச் சமையற்காரருக்கு ஒன்றும் வரவில்லை.

இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. அக்காலத்தில் மலாயாவில் 'பெரிபெரி' நோயால் கால் மரத்து மாண்ட தொழிலாளர் ஏராளம். ஆனால் புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாக இருந்ததை, நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

குஞ்சு கால்விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு முட்டியால் நடந்தால், அது பெரும்பாலும் பி2 சத்துக் குறைவு. கடையில் விற்கும் குஞ்சுத் தீனியில் இச்சத்துகள் சேர்ந்திருக்கும். அதோடு அவித்த முட்டை மஞ்சள் கரு, பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரை ஆகியவற்றையும் கொடுக்கலாம். தொடக்கத்திலேயே கொடுத்தால் விரல் நிமிரும். நாள் கடந்து நரம்பு கெட்டுவிட்டால் நிமிராது. காலை இளவெயிலும் காட்டுங்கள். வெயில் படாத குஞ்சின் எலும்பு மெலிந்து வளையும்.

கூண்டுப் பறவைகளுக்கு ஒன்று. குச்சி ஒரே பருமனாகவும் வழவழப்பாகவும் இருந்தால் உள்ளங்காலில் புண் வரும். கொய்யாக் கிளையை ஒடித்து வைத்தால் போதும். காட்டுக் கிளியையோ மலை மைனாவையோ பிடித்து வளர்ப்பதாயின், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

எல்லாக் கால் நோயும் தீரும் என்று சொல்ல மாட்டோம். ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட குஞ்சு ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னுமாக நீட்டிக் கிடந்தால், அது மாரெக் நோயாக இருக்கக்கூடும். இது கிருமியால் பரவுவது, மருந்தில்லை. அக்குஞ்சை உடனே தனியே பிரித்து, கால்நடை மருத்துவச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள். தடுப்பூசி உண்டு. ஆனால் பொரித்த அன்றே போட வேண்டியது அது. ஆகவே குஞ்சு வாங்கும்போதே, மாரெக் ஊசி போட்டாயிற்றா என்று கடைக்காரரைக் கேளுங்கள்.